வானொலி அறையைத் திறந்துவிடுங்கள்

பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும்,

கடந்த மன்றக் கூட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியிருக்கிறீர்கள். ஒன்று, காலமான மிலிட்டரி ஐயாவின் நினைவாகப் பேருந்து நிலையச் சாலையின் குறுக்கே ஒரு வளைவு. அதன் உச்சியில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய். இன்னொன்று, பூங்காவில் இருக்கும் பழைய வானொலி அறையை ‘மீட்டு’ துப்புரவுப் பொருள்கள் வைக்கும் கிடங்காக்குவது. முதல் தீர்மானத்துக்கு மேசையைத் தட்டி வரவேற்பு கொடுத்தார்களாம். இரண்டாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். அந்த அறையில்தான் மிலிட்டரி ஐயா இருபது வருடங்களுக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்த்தார் என்பது மன்றத்தில் ஒருவருக்குக்கூடவா தெரியாது?

தெரியும். உங்களில் சிலர் வீட்டுப் பெரியவர்களின் காகிதங்களே அந்த அறையில் இருக்கின்றன. அதனால்தான் மனு கொடுத்ததோடு நிறுத்தாமல் ஊரறிய எழுதுகிறேன். மனுவுக்குக் கிடைத்த பதில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது. பரிசீலனையில் இருக்கும்போதே பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் உள்ளே இறங்கிவிட்டன.

நான் பூங்காவுக்கு எதிரே சின்னதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். ஐயா காகிதத்தில் எழுதியதை ஸ்கேன் செய்து ஏற்றுவது என் வேலையாக இருந்தது. ஸ்கேனுக்கும் பிரிண்டுக்கும் காசு வாங்கினேன். அதை மறைக்க வேண்டியதில்லை. அவர் மட்டும் யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. அந்த அறை என் கடைக்காக எனக்கு வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ‘இந்தம்மா இடத்தைப் பிடிக்கப் பார்க்குது’ என்ற பேச்சு அலுவலக வாசலிலேயே என் காதில் விழுந்தது.

நீங்கள் நிறைவேற்றிய இரங்கல் தீர்மானத்தின் வாசகம் இப்படிப் போகிறது: ‘எல்லையில் எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய மாவீரர்’. எழுதியவர் யாரோ, எந்த மிலிட்டரிக்காரருக்கும் பொருந்தட்டும் என்று எழுதியிருக்கிறார். இவருக்கு அது பொருந்தாது.

அவர் மதராஸ் சாப்பர்ஸ். மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப், சுருக்கமாக எம்.இ.ஜி. என்றும் சொல்வார்கள். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் அவர்களுடைய சென்டர். 1780இல் தொடங்கிய படைப்பிரிவு. ராணுவம் முழுக்க அவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. பழைய வட ஆற்காட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கிறார்கள். 1962 சீனப் போர் முடிந்த கையோடு ராணுவத்தைப் பெருக்க ஆள் எடுத்தபோது போய் நின்றவர்களில் நம் ஐயாவும் ஒருவர். சாப்பர்ஸின் வேலை பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது.

1971 போர் என்றால் டாக்காவில் 93,000 பேர் சரணடைந்ததுதான் நமக்கு நினைவுக்கு வரும். அவர் இருந்தது மேற்கே, பாகிஸ்தானின் சகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில். அங்கே எதிரி நெடுந்தூரத்துக்குக் கண்ணிவெடி வயல் போட்டிருந்தான். டாங்குகள் அக்கரைக்குப் போகவேண்டுமென்றால் யாராவது முன்னே போய் வெடியை எடுத்துப் பாதை ஒதுக்கித் தரவேண்டும். டிசம்பர் 15 ராத்திரி அந்த வேலையைச் செய்தது மதராஸ் சாப்பர்ஸின் ஒன்பதாவது இன்ஜினீயர் ரெஜிமென்ட். பாதி வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அக்கரையில் எதிரி டாங்குகள் அசைவதாகத் தகவல் வந்தது. மீதிப் பாதைக்குக் காத்திராமல் 17 பூனா ஹார்ஸின் டாங்குகள் வெடி வயலுக்குள் புகுந்தன. மறுநாள் நடந்த டாங்குச் சண்டையில் இறந்த இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலுக்கு வயது 21. பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். வெடி வயலில் பாதை போட்டபடியே உயிரை விட்ட மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்ரா. கேத்தர்பால் பெயரை நான் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருக்கிறேன். சௌத்ரியின் பெயரை ஐயா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ‘சாப்’ என்று சேர்த்துத்தான் சொல்வார்.

சுதந்திர தினத்துக்குப் பேச வரச்சொல்லி ஒருமுறை பள்ளிப் பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள். ஒரு பையன் கேட்டான்: “தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீங்க?” அவர் சிரித்தார். “அந்தச் சண்டைல நான் ஒரு குண்டு கூடச் சுடலப்பா. குப்புறப் படுத்துக்கினு ஒரு கம்பியால மண்ணைக் குத்திப் பாக்கறது என் வேலை. நேராக் குத்தக் கூடாது, சாய்வாக் குத்தணும். தட்டுப்பட்டா கம்பியை வெச்சுட்டு விரலால மண்ணைப் பறிக்கணும். பின்னால வர்றவன் காலு என் விரல்லதான் இருக்குது.” பையனுக்கு ஏமாற்றம். உங்கள் வளைவைப் பார்த்தால் அந்தப் பையன் வளர்ந்து மன்றத்துக்கு வந்துவிட்டானோ என்று தோன்றுகிறது.

1971 போருக்கான பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் பதக்கம் எல்லாம் வாங்கியவர். பெட்டிக்குள் இருந்தன. மாட்டிக்கொண்டு நடந்து நான் பார்த்ததில்லை. ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து, கொஞ்ச நாள் தோல் தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தார். அதையும் விட்டபிறகு ஆரம்பித்ததுதான் இந்த அறை வேலை.

வானொலி அறை எதற்காகக் கட்டியது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு டிவி வராத காலத்தில், பேரூராட்சியே ரேடியோ வைத்து ஒலிபெருக்கியில் மாநிலச் செய்தி போடும். பூங்காவில் உட்கார்ந்து ஊர் கேட்கும். ரேடியோ போனபிறகு அங்கே ஆடு கட்டினார்கள், சீட்டாடினார்கள். அப்போதிருந்த ஒரு செயல் அலுவலர், “நீங்க சுத்தம் பண்ணி உபயோகப்படுத்திக்கங்க” என்று வாயால் சொன்னதுதான் ஐயாவுக்குக் கிடைத்த அனுமதி. எழுத்தில் எதுவும் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். கட்டடம் பேரூராட்சிக்குச் சொந்தம் என்பதிலும் சண்டையில்லை. ஆனால் வெள்ளையடித்தது, ஒழுகிய கூரையை மாற்றியது, மாதாமாதம் கரண்ட் பில் கட்டியது எல்லாம் அவர் ஓய்வூதியத்தில். ரசீதுகள் தேதிவாரியாக உள்ளே இருக்கின்றன, நீங்கள் பூட்டிய பூட்டுக்குப் பின்னால்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ‘ஏதோ சமூக சேவை’ என்று தீர்மானத்தில் அரை வரியில் முடித்திருக்கிறீர்கள்.

அவரோடு வேலை பார்த்த ஒருவர் இறந்துபோனார். மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. காரணம், பட்டாளத்திலிருந்து வரும்போது புருஷனுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அந்தம்மா பெயர் வேறு மாதிரி எழுதியிருந்தது. பட்டாளத்தில் சேர்ந்த நாளில் கிளார்க் கேட்டார், இவர் சொன்னார், அவர் காதில் விழுந்தபடி எழுதினார். கல்யாணம், குழந்தை பிறப்பு, இறப்பு எதுவாக இருந்தாலும் படைப்பிரிவில் ‘பார்ட் டூ ஆர்டர்’ போட்டால்தான் பதிவில் ஏறும். விடுமுறைக்கு வந்து கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போன பையன்களில் எத்தனை பேர் அதைச் சரிபார்த்திருப்பார்கள்? ஐம்பது வருடம் கழித்து, ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் ஒரு பெயர், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர் என்று மூன்று பெயரோடு ஒரே கிழவி நிற்கிறாள். வங்கி சொல்கிறது ‘ரெக்கார்ட்ஸுக்குப் போங்கள்’ என்று. படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் அந்த ரெக்கார்ட்ஸ் அலுவலகம் எங்கே இருக்கிறது? சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒவ்வோர் ஊர். ஓய்வூதிய ஆணை போடுவது அலகாபாத், இப்போது பிரயாக்ராஜ் என்கிறார்கள். இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண்.

ஐயா பிரமாணப் பத்திரம் எழுதினார். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்க அந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பினார். பதில் வராதபோது மறுபடி அனுப்பினார். கடைசியில் நிலுவையோடு பணம் வந்தது. குடும்ப ஓய்வூதியம் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. நம் ஊரில் பீடி சுற்றும் பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய தொகை என்று.

அந்த ஒரு காரியம் முடிந்ததும் சுற்றுப்பட்டு கிராமங்களிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். காலாட்படை, சிக்னல்ஸ், பீரங்கிப்படை, பொருள் வழங்கும் ஏ.எஸ்.சி. என்று எல்லாப் பிரிவு ஆள்களின் மனைவிமார்களும். ஓய்வூதியத்துக்கு வேண்டிய 15 வருடம் முடிக்காமல் வந்துவிட்டவர்களும் வந்தார்கள். அவர்களில் 65 வயது தாண்டியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பான கேந்திரிய சைனிக் போர்டு மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது. ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்தவர்களுக்கு அது உண்டு. அப்படி ஒன்று இருப்பதே அவர் சொல்லித்தான் பலருக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு. நீளமான கணக்கு நோட்டு. இடப்பக்கம் ஆளின் படை எண், ரெக்கார்ட்ஸ் அலுவலகம், பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையின் எண், வங்கி. வலப்பக்கம் என்ன நிலுவை, யாருக்கு எழுதினது, எந்தத் தேதியில், பதில் வந்ததா. பதில் வந்தால் பச்சை மையில் ஒரு கோடு. வராவிட்டால் ஒன்றும் இருக்காது, காலியாக விட்டிருப்பார். அந்தக் காலி இடங்கள்தான் இப்போது எனக்கு விசாரமாக இருக்கிறது.

அவர் சாந்தசொரூபி என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காகிதத்தை நாலாய் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தால் கத்துவார். “ஏம்மா, வேர்வைல ஊறி எழுத்தே போயிடுச்சே, இத்த எந்த ஆபீஸ்ல வாங்குவான்?” என்பார். கத்திவிட்டு அவரே பிளாஸ்டிக் உறை எடுத்துக் கொடுப்பார். நேரத்துக்கு வராதவர்களை வெளியே உட்காரவைத்த நாள்கள் உண்டு. ஒரு அரசியல் பிரமுகர் சிபாரிசோடு ஒருவரை அனுப்பியபோது, அவரை வரிசையில் கடைசியில் நிறுத்தினார். அந்தப் பிரமுகர் இன்று உங்கள் மன்றத்தில் இல்லை என்பதால் இதைச் சொல்லலாம்.

பிறகு எல்லாம் கணினிக்கு மாறியது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற கணினி உயிர்ச்சான்று வந்தது. வங்கி வாசலில் நின்று ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று கையெழுத்துப் போடவேண்டாம், கைரேகை வைத்தால் போதும் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமெல்லாம் பீடி இலையைத் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரல்கள். இயந்திரத்தில் வைத்தால் பொருந்தவில்லை என்று வரும். துடைத்து வைத்தாலும் வராது, எண்ணெய் தடவி வைத்தாலும் வராது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிறவரை இயந்திரம் ஏற்கவில்லை. 2021 நவம்பரில் முகம் காட்டிப் பதிவு செய்யும் வசதி வந்தபிறகுதான் நாங்கள் மூச்சு விட்டோம். அதற்கும் ஒருவர் செல்போனை அசையாமல் பிடிக்க வேண்டும். கண் புரை உள்ளவர்களிடம் ‘இமையைச் சிமிட்டுங்கம்மா, இப்ப சிமிட்டுங்க’ என்று பொறுமையாகச் சொல்லவேண்டும். செல்போனைப் பிடித்தது நான். சொன்னது அவர். அந்த நேரத்தில் மட்டும் கத்தமாட்டார்.

இதற்கு நடுவில் வங்கிகள் கொடுத்துவந்த ஓய்வூதியம் ‘ஸ்பர்ஷ்’ என்ற கணினி முறைக்கு மாறியது. பழைய கணக்கிலிருந்து புதியதற்கு மாற்றும்போது பெயர், பிறந்த தேதி, பான் எண் என்று ஏதாவது ஒன்று இடிக்கும். நமக்குக் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வரும். மகன் வெளியூரில் இருப்பான், கிழவி அதை அழித்திருப்பாள். எண்பது வயதில் ஐயா யூசர் ஐ.டி., பாஸ்வேர்டு எல்லாம் கற்றுக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்வேர்டு எழுதி, உறையில் ஒட்டி, அந்தந்த ஆளின் கையில் மட்டும் கொடுப்பார். என்னிடம்கூடக் காட்டமாட்டார்.

‘இ-சேவை மையம் இருக்கிறதே, அங்கே போகட்டும்’ என்று செயல் அலுவலர் அவர்கள் சொன்னீர்கள். தாராளமாகப் போகலாம். கணினி எல்லா இடத்திலும் கிடைக்கும். எந்தக் காகிதம் எந்த ரெக்கார்ட்ஸுக்கு, எந்தப் படிவத்தோடு போகவேண்டும் என்று தெரிந்த ஆளும், ஒரு வருடம் பதில் வராவிட்டாலும் ரெஜிஸ்டரைப் பார்த்து மறுபடி எழுதுகிற ஆளும்தான் கிடைக்கமாட்டார்கள். நான் கணினி மையம் நடத்துகிறவள், என் தொழிலைக் குறைத்துச் சொல்வதில் எனக்கு லாபமில்லை. இருந்தாலும் உண்மை இதுதான்.

பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்ட பையன்களை அவர் விடிகாலையில் ஏரிக்கரையில் ஓடவிட்டதெல்லாம் ஊருக்கே தெரியும், அதை நான் சொல்லவேண்டியதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் யாரும் பார்த்திராத வெள்ளம் வந்ததே, அப்போது தரைப்பாலத்து முனையில் கயிறு கட்டி விசில் ஊதிக்கொண்டு நின்ற கிழவரையும் மறந்திருக்கமாட்டீர்கள். “தண்ணி முழங்காலுக்குத்தான் இருக்குது, தாண்டிடலாம்” என்று பைக்கைக் கிளப்பியவர்களின் சாவியைப் பிடுங்கி வேட்டி முடிச்சில் கட்டிக்கொண்டார். பாலம் போடுகிறவனுக்குத்தான் தண்ணீர் அடியில் என்ன செய்யும் என்று தெரியும் என்பது அவருடைய வாதம். சாவி பறிகொடுத்தவர்களில் ஒருவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும், மறுநாள் பாலத்தின் ஒரு பக்கம் அரித்துக்கொண்டு போனதும், புகாரைத் திரும்ப வாங்கியதும் தனிக்கதை.

அவர் இறந்த அன்று, தேசியக் கொடி போர்த்த வேண்டும் என்று சில இளைஞர்கள் சத்தம் போட்டார்கள். அவர்களுடைய மரியாதை எனக்குப் புரிகிறது. ஆனால் 2002ஆம் வருடத்துக் கொடி விதிகளின்படி, அரசு மரியாதை, ராணுவம், துணை ராணுவம் இவற்றின் முறைப்படி நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டும்தான் கொடியைப் போர்த்தலாம். வேறொரு முன்னாள் படைவீரரின் சாவு வீட்டில் இதைச் சொல்லிக் கொடியை மடித்து வைக்கச் செய்தவரே ஐயாதான். அதனால் அவர் மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கொடி இல்லாத குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, மாலையோடு கட்சித் துண்டுகள் வரிசையாக விழுந்தன. பேனரில் வேறு யாரோ ஒரு சிப்பாய், நவீன ஹெல்மெட்டும் இயந்திரத் துப்பாக்கியுமாக, ஐயாவின் முகம் ஒட்டப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லக்கூடாது என்றுதான்.

காரியம் முடிந்த கொஞ்ச நாளிலேயே அறைக்குப் பூட்டு விழுந்தது. கதவில் ‘பேரூராட்சிக்குச் சொந்தமான இடம், அத்துமீறி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒட்டினார்கள். மகளிடம்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை. உள்ளே அவருடைய பட்டாளத்து டிரங்குப் பெட்டி இரண்டு, அந்த ரெஜிஸ்டர், ஒரு மர அலமாரி. பெட்டியில் இருப்பவை அவருடைய காகிதங்கள் அல்ல. ஊர்ப் பெண்களின் அசல் டிஸ்சார்ஜ் புத்தகங்கள், பி.பி.ஓ.க்கள், இறப்புச் சான்றுகள், ஆதார் நகல்கள், வங்கிப் புத்தக நகல்கள். வீட்டில் வைத்தால் ஒழுகும், கரையான் அரிக்கும், பேரன் கிழிப்பான் என்று நம்பி அவரிடம் கொடுத்து வைத்தவை. இப்போது அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் அலுவலகத்தில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். மருந்து அடிக்கிறவர்களும் குப்பை வண்டி ஓட்டுகிறவர்களும் உள்ளே போய்வருகிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. இத்தனை பேருடைய வங்கி எண்களை யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போட்டுவைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது என்பதுதான் கேள்வி. பிளீச்சிங் பவுடர் காற்றுப் பட்டால் காகிதம் என்னாகும், இரும்புப் பெட்டி என்னாகும் என்று சுகாதார ஆய்வாளரையே கேளுங்கள்.

நவம்பர் வரப்போகிறது. உயிர்ச்சான்று கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். பி.பி.ஓ. எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கும் கிழவி எந்த ஊரிலும் கிடையாது. கிராமங்களிலிருந்து வந்து பூட்டைப் பார்த்துவிட்டு என் கடைப் படியில் உட்கார்ந்துகொள்கிறார்கள். “ஐயா இல்லன்னா என்ன, ஐயா பொட்டி இருக்குதில்ல” என்றாள் ஒருத்தி. மலையடிவாரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். பெயர்த் திருத்தத்துக்காக ரெக்கார்ட்ஸிலிருந்து அசல் புத்தகம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அசல் அந்தப் பெட்டியில். அவளிடம் நான் என்ன சொல்ல? வளைவு வருகிறது என்று சொல்லட்டுமா?

வளைவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்கவோ கட்டுமானம் எழுப்பவோ மாநில அரசுகள் அனுமதி கொடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. தெருவிளக்கு, போக்குவரத்து வசதி போன்றவைதான் விலக்கு. பேருந்து நிலையச் சாலையில் உங்கள் வளைவு எந்த விலக்கில் வருகிறது? நாளை யாராவது வழக்குப் போட்டு அதை இடிக்கச் சொன்னால், இடிபடப்போவது அவர் பெயரும்தான். அந்த அசிங்கம் அவருக்கு வேண்டாம்.

தலைவர் அவர்களே, உங்களுக்குக் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மறைந்த மனிதருக்கு ஏதாவது செய்யவேண்டும் என்றுதான் ஆரம்பித்திருப்பீர்கள். என்ன செய்யலாம் என்று அவரோடு பழகியவர்களில் ஒருவரையாவது கேட்டிருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது. இப்போது கேட்காமலே சொல்கிறோம்.

முதலில், இந்த மாதம் முடிவதற்குள் அறையைத் திறந்து, அவருடைய மகளும் மன்ற உறுப்பினர் ஒருவரும் முன்னாள் படைவீரர்கள் இருவரும் பார்க்க, பெட்டிகளில் உள்ளதைப் பட்டியல் போடுங்கள். அசல் காகிதங்களை உரியவர்களை வரவழைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். கைநாட்டு வைப்பவர்களிடம் கைநாட்டு வாங்குங்கள். அதுவரை பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை வேறெங்காவது மாற்றுங்கள். வாரச்சந்தைக் கட்டடத்தின் பின்பக்க அறை காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்து, கிடங்குத் தீர்மானத்தை ரத்து செய்து, வாரத்தில் இரண்டு நாளாவது அந்த அறை இந்த வேலைக்கே இருக்கும்படி புதிதாக ஒரு தீர்மானம் போடுங்கள். இந்த முறை எழுத்தில் போடுங்கள், அடுத்த செயல் அலுவலர் வந்து ‘அனுமதி எங்கே’ என்று கேட்காதபடி. உட்கார ஆள் இருக்கிறது. சிக்னல்ஸில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரும், பட்டாளத்தில் கிளார்க்காக இருந்த ஒருவரும் சம்பளமில்லாமல் வரத் தயார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மனுவோடு இணைத்திருக்கிறேன், பிரித்துப் பாருங்கள். ரெஜிஸ்டரை அவர்களிடம் ஒப்படைக்க மகளுக்குச் சம்மதம். கரண்ட் பில்லை மட்டும் இனிமேல் பேரூராட்சி கட்டட்டும்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு மன்றத்தின் சார்பில் கடிதம் எழுதி, மாதம் ஒரு நாள் அவர்களுடைய ஊழியர் ஒருவர் இங்கே வந்து மனுக்களை வாங்கிக்கொண்டு போக ஏற்பாடு கேளுங்கள். தனி ஆள் எழுதினால் ஒரு மதிப்பு, மன்றம் எழுதினால் வேறு மதிப்பு. டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியல் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் வசூலிக்க வருவீர்களே, அந்தக் கொடிநாள் நிதியே இவர்களுக்காகத்தான்.

வளைவை நிறுத்துங்கள். பெயர் வைத்தே தீரவேண்டுமென்றால் வானொலி அறையின் வாசலில் ஒரு பலகை போதும். ‘ஹவில்தார், மதராஸ் சாப்பர்ஸ்’ என்று பதவியையும் படைப்பிரிவையும் சரியாக எழுதுங்கள், துப்பாக்கி வேண்டாம். இரங்கல் தீர்மானத்திலும் அந்த ‘சுட்டு வீழ்த்திய’ வரியை எடுத்துவிட்டு, அவர் கண்ணிவெடி எடுத்தவர் என்று திருத்திப் பதிவு செய்யுங்கள். பதிவில் தப்பாக ஏறிய ஒரு வார்த்தையைத் திருத்த எத்தனை வருடம் ஆகும் என்று அந்த ரெஜிஸ்டரைப் புரட்டினால் தெரியும்.

இரண்டு தீர்மானங்களின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறேன். அதற்குச் சட்டம் 30 நாள் அவகாசம் கொடுக்கிறது. பெட்டிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அறையை என்றைக்குத் திறக்கப்போகிறீர்கள் என்ற தேதியைப் பேரூராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூங்கா எதிரில் கணினி மையம் நடத்துபவள்